எண்ணை ரவுட்டரில் எழுது

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதல் கேள்விக்கு ஒரு வரி போதும்: வீட்டுக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி கொடுத்தால் நெட் வேகம் கூடாது. கூடும் என்று உன் நண்பனுக்கு யார் சொன்னார்களோ, இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இணைய நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் 'ஸ்டேட்டிக் ஐபி' வேறு சமாச்சாரம். அது வெளியுலகுக்குத் தெரியும் முகவரி. நீ கேட்பது வீட்டுச் சுவருக்குள்ளேயே புழங்கும் 192.168 எண்ணைப் பற்றி.

இரண்டாவது கேள்விதான் கேள்வி. கணினியில் 192.168.1.105 என்று கையால் போட்டாய். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு முகவரி மோதல் என்று திரையில் வந்தது. வராமல் என்ன செய்யும்? உன் ரவுட்டர் 100 முதல் 199 வரை தன் இஷ்டத்துக்கு விநியோகிக்கிறது. நீ 105-ஐ எடுத்துக்கொண்டது அதற்குத் தெரியாது. உன் கணினி அணைந்திருந்த நேரத்தில் அக்காவின் போன் வந்து முகவரி கேட்டிருக்கும். 105 காலி என்று நினைத்து ரவுட்டர் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கும்.

இந்த 192.168 வரிசையை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒதுக்கியது, ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் 1918-ஆம் ஆவணம். 1996 பிப்ரவரியில் வந்தது. அதன் முன்கதை எனக்கு மிகப் பிடித்தமானது. 1994 மார்ச்சில் 1597 என்ற ஆவணம் இதே யோசனையைச் சொன்னது. ஜூலையில் நான்கு பேர் 1627 என்று ஒரு மறுப்பு எழுதினார்கள். ஒரே எண் பல இடங்களில் இருந்தால், உலகில் ஒரு முகவரி ஒருவருக்கே என்ற அடிப்படை போய்விடும் என்பது அவர்கள் வாதம். அந்த நால்வரில் ஒருவர் எலியட் லியர். 1918-ஐ எழுதிய ஐவரின் பெயர்களைப் பார், அவர் அங்கேயும் இருப்பார்! மூன்றையும் அடுத்தடுத்துப் படி. பாடப்புத்தகத்தில் இந்தச் சண்டை கிடைக்காது. உலகம் கைவிட்ட அந்தத் தனித்துவத்தை வீட்டுக்குள் காப்பது இப்போது உன் பொறுப்பு. அதற்கு ஒரே இடத்தில் கணக்கு இருக்க வேண்டும். அந்த இடம் ரவுட்டர்.

ரவுட்டரில் முகவரி விநியோகத்துக்கான டிஹெச்சிபி பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும். கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியையும் வேண்டிய எண்ணையும் அங்கே சேர்த்து எழுதிவிட்டால் போதும். கணினியை 'தானாகப் பெறு' என்ற நிலையிலேயே விட்டுவிடு. லேப்டாப்பைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்குள்ள முகவரியை அதுவே வாங்கிக்கொள்ளும். கையால் போட்டிருந்தால் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் உன் வீட்டுடையதாகவே நிற்கும். நெட் வரவில்லை என்று அங்கே உட்கார்ந்து புலம்புவாய். இன்னொன்று: லேப்டாப்பின் வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு வேறு மேக். போன்கள் வைஃபைக்குப் புனைந்த மேக் காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிட்டுப் பதிவு செய்.

எல்லாக் கருவிக்கும் நிலையான எண் வேண்டுமா என்கிறாய். வேண்டாம். டிஹெச்சிபி முகவரி தினமும் மாறும் என்பதும் தப்பு. ரவுட்டர் முகவரியைக் குத்தகைக்குத்தான் விடுகிறது. 24 மணி நேரக் குத்தகை என்றால் பாதியில், 12-ஆம் மணியிலேயே, கருவி நீட்டிப்புக் கேட்கும். அதே எண் தொடரும். மற்றவர்கள் தேடி வரும் கருவிக்குத்தான் நிலையான எண் தேவை. பிரிண்டரைப் பார். கரண்ட் போய் வந்ததும் பல ரவுட்டர்களுக்குப் பழைய குத்தகைக் கணக்கு மறந்துவிடும். பிரிண்டருக்கு 103 போய் 107 வரலாம். கணினியோ 103-க்கே அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் 'ஆஃப்லைன்' என்று வரும். பிரிண்டர் பக்கத்திலேயே பச்சை விளக்கோடு நிற்கும். வீட்டில் எல்லோரும் மையைத் திட்டுவார்கள், கேபிளைப் பிடுங்கிச் சொருகுவார்கள், கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். கேமரா பதிவுப் பெட்டி, கோப்புகள் வைக்கும் சர்வர் ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

முதலில் உன் கணினியில் கையால் போட்ட 105-ஐ எடுத்துவிடு. பிறகு பிரிண்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டு, அதிலுள்ள மேக் முகவரியைப் பார்த்து ரவுட்டரில் பதிவு செய். சில ரவுட்டர்கள் விநியோக வரிசைக்குள் இருக்கும் எண்ணையே ஏற்கும். உன்னுடையது எப்படி என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மாமா