கோழிக்கு நரி, கூட்டுக்குக் கொண்டி



மாத்தளையிலிருந்து யாழ்ப்பாண வீதியில் கொஞ்சத் தூரம் போனால் அலுவிகாரை. பாறையும் பற்றையும் உள்ள ஊர். பொழுது சாய்ந்தால் நரி ஊளையிடும். மறுநாள் காலையில் லயத்துப் பக்கம் ‘என் கோழியைக் காணோமே’ என்று ஒரு குரல் கேட்கும்.

நாலு கோழி என்றால் சும்மா இல்லை. பிள்ளைக்கு முட்டை, அவசரத்துக்கு விற்க ஒரு சேவல். அதை ஒரே ராத்திரியில் பறிகொடுத்தால், சேர்த்து வைத்த சீட்டுக்காசு போன மாதிரிதான். ஆகவே இம்முறை கோழியைக் காக்கும் வழியைப் படிப்போம்.

முதலில், திருடன் யார்?

எல்லாப் பழியையும் நரிமேல் போடக்கூடாது. கோழியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போய், வழியெல்லாம் இறகு கிடந்தால் நரியோ நாயோ வந்திருக்கலாம். பகலில் குஞ்சு குறைந்தால் பருந்தையோ கீரியையோ சந்தேகப்படுங்கள். ஓடுகூட இல்லாமல் முட்டை மறைந்தால் பாம்பாக இருக்கலாம். கூட்டைச் சுற்றி ராத்திரி அடுப்புச் சாம்பலைத் தூவி, காலையில் காலடியைப் பாருங்கள். நரியின் அடியும் நாயின் அடியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே லயத்து நாய்களையும் கவனியுங்கள்.

இரண்டாவது, கூடு.

நரி தோண்டும், கீரி சிறு சந்தில் நுழையும். கூட்டைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கால்கள் மேல் வையுங்கள். கால்களில் வழவழப்பான தகரம் சுற்றினால் எலி ஏறுவதும் கஷ்டம். தரைக்கூடு என்றால் கம்பி வலையை ஓரடி வெளிப்பக்கமாக மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் வையுங்கள். மெல்லிய கோழிவலையை நாய் பல்லால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள தடித்த வலையே நல்லது. கதவுக்குக் கயிறு கட்டாமல் கொண்டி போடுங்கள்.

மூன்றாவது, நேரம்.

நல்ல கூடு இருந்தும் கதவு திறந்து கிடந்தால் என்ன பயன்? நரி அதிகம் நடமாடுவது அந்திக் கருக்கலிலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும். மலையிலிருந்து வந்ததும் தேத்தண்ணி குடிக்கும் முன்னே கூட்டைப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் கூட்டுக்குள் குறுணை போட்டால் கோழி தானாகவே வந்து அடையும். எண்ணிப் பார்த்து மூடுங்கள். இந்த வேலையை வீட்டில் ஒரு பிள்ளையிடம் கொடுக்கலாம். காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திறங்கள். சிறு குஞ்சுகளைப் பகலில் பழைய கொழுந்துக்கூடையைக் கவிழ்த்து, மேலே கல் வைத்து மூடி வைக்கலாம். கோழிக் குடலையும் சோற்று மிச்சத்தையும் லயத்துக்குப் பின்னால் வீசாதீர்கள். அதுதான் நரிக்கு நாமே கொடுக்கும் அழைப்பு.

செய்யக்கூடாதவை:

கம்பிச் சுருக்கு வைக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சிகிச்சை கொடுத்தும் இறந்துபோனது. நரிக்கென்று வைக்கும் சுருக்கு ஆளையும் பார்க்காது, மிருகத்தையும் பார்க்காது. விஷம் கலந்த தீனியும் வேண்டாம். அது நம் நாயைக் கொல்லும், விளையாடும் பிள்ளைக்கும் ஆபத்து.

பட்டப்பகலில் தள்ளாடி, பயமின்றி ஆட்களை நெருங்கும் நரிக்கு விசர் நோய் இருக்கலாம். பக்கத்தில் போகாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். நோய் முற்றினால் உயிரைக் காப்பாற்றுவது மிக மிக அரிது.

நரி தன் பசிக்கு வருகிறது. அதோடு சண்டை போடுவதைவிட, நம் கதவை நேரத்துக்கு மூடுவது சுலபம். இன்று அந்தியிலேயே உங்கள் கூட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். ஒரு சந்து தெரிந்தால், நாளை என்று தள்ளாமல் அடைத்துவிடுவோம்.