நாழிகை வழியும் வான்வழியும்
(சென்னை - சிங்கப்பூர்த் தொலைவு: ஒரு சிறு நோக்கு)

தொலைவைக் காலத்தால் அளத்தல் தமிழர்க்குப் பழகிய வழக்கு. ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரத்தை 'நாழிகை வழி' என்றே நம் முன்னோர் வழங்கினர். நாழிகை என்பது 24 நிமிடம். இன்றும் "சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?" என வினவினால், "நான்கு மணி நேரம்" என்றே விடை வருகிறது. பழைய வழக்கே புதுக்கோலம் பூண்டுள்ளது எனலாம். ஆயின், அவ்விடையுள் அடங்கிய கணக்கை நாம் அறிதல் வேண்டும்.

தொலைவும் வேகமும்

புவி உருண்டையானது. ஆதலின், இரு நகர்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழியும் அவ்வுருண்டையின் மேல் வளைந்து செல்வதே. அவ்வாறு அளந்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 2,900 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரே நிலைபெற்றபின் மணிக்கு 850 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், 3 மணி 25 நிமிடம் போதும். எனினும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைகிறது, வகுத்தமைத்த வான்தடங்களின் வழியே செல்ல வேண்டியுள்ளது, எதிர்க்காற்றும் தடுக்கிறது. எனவே, பயணம் ஏறத்தாழ 4 மணி நேரம், அதாவது 10 நாழிகை ஆகிறது.

கடிகாரம் செய்யும் மயக்கம்

1982 சனவரி முதல் சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தினும் 2½ மணி முந்தியது. சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்படுவோர் சிங்கப்பூர்க் கடிகாரத்தில் மாலை 4.30க்கு இறங்குவர். அங்குக் காலை 10 மணிக்குப் புறப்படுவோர் இங்கு 11.30க்கே இறங்குவர். வெறுமனே கழித்துப் பார்ப்பவர், போக 6½ மணி, வர 1½ மணி என மயங்குவர். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நேர வேறுபாடு நீங்கி, 4 மணி என்னும் உண்மை வெளிப்படும். மாணவர் இதனை மனத்திற் கொள்க.

வீடு சேரும் காலம்

ஒருகாலத்தில் 'ரஜூலா', பின்னர் 'சிதம்பரம்' ஆகிய கப்பல்களே சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் சென்றன. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்தோடு 'சிதம்பரம்' கப்பலின் பயணம் முடிவுற்றது. கப்பற் காலத்தில், ஊரில் தந்தை இறந்தால் அக்கரையிலுள்ள மகன் அடக்கத்திற்கு வர இயலாது. அவனுக்காக எவரும் காத்திருந்ததுமில்லை. இன்றோ, "நான்கு மணி நேரந்தானே, வந்துவிடுவான்" என ஜனாஸாவை வைத்துக் காத்திருக்கின்றனர். காலந்தாழ்த்தாது அடக்குவதே முறை என்றிருக்க, எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டியுள்ளது.

அவர்கள் கணக்கிடவேண்டியது வான்வழியை மட்டுமன்று. பயணச்சீட்டுக் கிடைக்கும் நேரம், விமான நிலையத்தில் முன்கூட்டியே சென்று காத்திருக்கும் நேரம், இறங்கியபின் குடிநுழைவுச் சோதனை ஆகியவையும் உள. சென்னையிலிருந்து நாகூருக்குச் சாலைவழி சுமார் 300 கிலோமீட்டர். காரில் வந்தாலும் ஏறத்தாழ 6 மணி நேரம். வான்தொலைவில் பத்திலொரு பங்கே உள்ள இவ்வழி, வான்பயணத்தினும் மிகுதியான காலத்தை விழுங்குகிறது!

ஆகவே, வருகை நேரத்தைக் கேட்கும்போது "எந்த ஊர் நேரம்?" என்றும், "விமான நிலையத்திற்கா, வீட்டிற்கா?" என்றும் சேர்த்தே கேட்போமாக. நாழிகை வழி கண்ட நம் முன்னோர் வாசலிலிருந்து வாசல் வரை நடந்தே அளந்தனர். நாமும் அங்ஙனமே அளத்தல் நன்று.