மண்ணும் நாரும்

மனித உள்ளத்தில் எழும் அன்பு, அச்சம், சினம், துயரம் ஆகியவை கண்ணுக்குப் புலப்படாதவை. அவற்றிற்கு உருவம் தருபவன் கலைஞன். அதற்குப் பொன்னும் மணியும் வேண்டுவதில்லை; காலடியில் கிடக்கும் மண்ணும், செடியிலிருந்து உரித்தெடுத்த நாரும் போதும். இவ்வுண்மையை விளக்குவது நாஞ்சில் நாட்டு இசக்கியின் உருவமாகும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தல் என்னும் இடம் உள்ளது. அங்குள்ள இசக்கியம்மன் கோயில் பெயர் பெற்றது. இயக்கி என்னும் சொல்லே இசக்கி என மருவியது. சமணர் போற்றிய இயக்கியருள் ஒருத்தியாகிய அம்பிகையை, இம்மாவட்டத்துச் சிதறால் மலையில் புடைப்புச் சிற்பமாக இன்றும் காணலாம். நாட்டு மக்கள் கதையிலோ இசக்கி, தான் நம்பியவனாலேயே வஞ்சிக்கப்பட்டு உயிரிழந்து, சினங்கொண்டு மீண்டெழுந்த பெண். அக்கதையை வில்லுப்பாட்டில் கேட்போர் கண் கலங்குவர்.

குயவர் இவளைச் சுடுமண்ணில் வடிக்கின்றனர். களிமண்ணுடன் மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, உள்ளே வெற்றிடம் அமையுமாறு உருவத்தை வனைவர். பின்னர் அதனை நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுவர். ஈரம் உள்ளே தங்கிவிட்டால், அது ஆவியாகி உருவத்தையே வெடிக்கச் செய்துவிடும். உள்ளத்தில் அடக்கி வைத்த துயரமும் அத்தகையதே. இசக்கியின் உருட்டி விழித்த கண்களும் கோரைப்பற்களும் சினத்தைக் காட்டும். கையில் ஏந்திய குழந்தையோ தாய்மையைக் காட்டும். மகப்பேறு வேண்டுவோரும், பேறுகாலத்தை எண்ணி அஞ்சுவோரும் இத்தகைய மண்ணுருக்களைக் காணிக்கையாக வைக்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் உண்டு. பிறரிடம் சொல்ல இயலாத அச்சத்தை அப்பெண்கள் அங்கே இறக்கி வைக்கின்றனர்.

இயக்கியை நாரில் படைத்தவரும் ஒருவர் உளர். அவர் மிருணாளினி முகர்ஜி. 1949ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த இவ்வம்மையார், பரோடாவில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் கலை பயின்றார். தறியும் இன்றி, முன்வரைந்த படமும் இன்றி, சாயமேற்றிய சணல் கயிற்றைக் கையால் முடிச்சிட்டே ஆளுயர உருவங்களை ஆக்கினார். அவற்றுள் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் ‘யக்ஷி’. அது 1984ஆம் ஆண்டில் உருவானது. அவருடைய நாருருவங்களில் கயிற்றின் மடிப்பும் தொய்வும் திரட்சியுமே காண்போருக்கு அச்சத்தையும் வியப்பையும் ஊட்டுகின்றன. பிற்காலத்தில் அவர் சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் சிற்பங்கள் செய்தார். 2015ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய படைப்புகள், 2019ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தால் காட்சிக்கு வைக்கப்பட்டன.

முகர்ஜியின் பெயரை உலகம் அறியும். மண்ணில் இசக்கியை வனைந்த குயவரின் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும், மண்ணைப் பிசைந்த விரலும் கயிற்றை முடிந்த விரலும் செய்த பணி ஒன்றே. சொல்லுக்கு அடங்காத உணர்ச்சியை அவ்விரு கைகளும் பிறர் காணும்படி செய்தன. ஊர்ப்புறத்துக் கோயிலில் நிற்கும் மண்ணுருவை எளியதென்று கடந்து செல்வோர், அதனை வைத்துச் சென்ற தாயின் உள்ளத்தையும் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.