‘மனு கட்’ என்று கேட்டில் சொன்னால் போதுமா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் ஜவ்வாதுமலையில் ஒரு சிற்றூர். இருபது வருடமாகச் சந்தவாசலில் இருக்கிறோம். சாமையும் புளியும் வாங்கி விற்கிறேன். என் மகன் ஆயுள் தண்டனைக் கைதி. ஏழு வருடமாக மத்தியச் சிறையில் இருக்கிறான். போன மாதம் மனு பார்க்க, அதாவது அவனை நேரில் பார்க்கப் போனேன். “உன் பையனுக்கு மூணு மாசம் மனு கட், போம்மா” என்று கேட்டிலேயே அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவனோடு இருந்து விடுதலையாகி வந்த பையன்தான் விவரம் சொன்னான். நாலு பேர் இருந்த அறையில், கக்கூஸ் ஓரத்தில் ஒரு செல்போன் கிடைத்ததாம். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி சூப்பிரண்டு விசாரித்தாராம். என் மகன் “எனதில்லை” என்று சொன்னானாம். போனை எடுத்ததாகச் சொன்ன வார்டர் பக்கத்திலேயே நின்றாராம். ஏதோ தாளில் கையெழுத்து வாங்கி, தனி செல்லில் போட்டுவிட்டார்கள். மனுவும் கேண்டீனும் கட். ரெமிஷனில் (தண்டனைக் குறைப்பில்) முப்பது நாள் வெட்டு. ஆவணியில் என் மகள் கல்யாணம். அதற்காவது அவன் வர முடியுமா? புகார் சொல்கிறவரும் விசாரிக்கிறவரும் ஒரே சிறைக்காரர்களாக இருந்தால், அவர்களுக்கு மேலே கேட்க யாருமே இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சந்தவாசல்

பதில்: இருக்கிறார், அம்மா. அந்தச் சிறை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்டத்தின் முதன்மை செஷன்ஸ் நீதிபதிதான் அவர். நீங்கள் திருவண்ணாமலை மாவட்டக்காரர் என்பதால் திருவண்ணாமலை நீதிமன்றத்துக்கு எழுதாதீர்கள். சிறை நிற்கும் மண்தான் கணக்கு. கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த சிறையின் பெயரையும் அதிகாரிகளின் பெயர்களையும் இங்கே நீக்கியிருக்கிறேன். உங்கள் மனுவில் அவை கட்டாயம் இருக்க வேண்டும்.

முதலில், இந்த ‘கட்’ யார் போட்டது என்று தெரிய வேண்டும். சிறைகளை ஆளும் சட்டம் 1894-ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் எழுதியது. சிறைக்குள் நடக்கும் குற்றங்கள் எவை என்று அதன் 45-ஆவது பிரிவு சொல்கிறது. அவற்றை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தை 46-ஆவது பிரிவு கண்காணிப்பாளரிடம் கொடுக்கிறது. 48-ஆவது பிரிவு ஒரு கதவைத் தெளிவாக அடைக்கிறது: கண்காணிப்பாளருக்குக் கீழே உள்ள எந்த அதிகாரிக்கும் எந்தத் தண்டனையும் கொடுக்க அதிகாரம் கிடையாது. ஜெயிலர் கொடுக்க முடியாது, வார்டர் கொடுக்க முடியாது. கேட்டில் நிற்பவர் வாயால் சொன்ன ‘மனு கட்’டுக்குப் பின்னால் கண்காணிப்பாளரின் கையெழுத்திட்ட உத்தரவு இல்லையென்றால், அது தண்டனையே அல்ல, வெறும் தடுப்பு.

உத்தரவு இருந்தால் அது தண்டனைப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். கைதியின் பெயர், எண், என்ன குற்றம், எந்தத் தேதி, என்ன தண்டனை எல்லாம் அதில் பதிய வேண்டும் என்கிறது 51-ஆவது பிரிவு. கடுமையான சிறைக் குற்றமானால், அதை நிரூபித்த சாட்சிகளின் பெயர்களும் வேண்டும். ஜெயிலரும் கண்காணிப்பாளரும் சுருக்கொப்பம் இட வேண்டும். நாலு பேர் இருந்த அறையில் கிடைத்த போன் உங்கள் மகனுடையதுதான் என்று சொல்ல என்ன இருந்தது என்ற கேள்விக்கு, அந்தப் புத்தகம்தான் முதல் பதில் சொல்லியாக வேண்டும். போனை எடுத்த வார்டர் ஒருவர் மட்டும்தான் சாட்சியா, சிம் அட்டையில் பேசிய எண்கள் யாருடைய வீட்டுக்குப் போயின என்று யாராவது பார்த்தார்களா என்பதெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும்.

இனி மேலே உள்ளவர் விஷயத்துக்கு வருகிறேன். திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தன்னைப் பற்றி அல்ல. இன்னொரு கைதியைப் பார்க்க வரும் உறவினர்களிடம் பணம் கறக்க, தலைமை வார்டர் ஒருவர் அந்தக் கைதியைக் கொடூரமாகத் துன்புறுத்தினார் என்று எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான அமர்வு 1979 டிசம்பர் 20 அன்று தீர்ப்புச் சொன்னது. உங்களுக்குத் தேவையான வரி அதில் இருக்கிறது. தனி செல்லில் அடைப்பது, சலுகைகளையும் வசதிகளையும் பறிப்பது, தண்டனையாக வேறு சிறைக்கு மாற்றுவது ஆகிய எதையும் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் செய்யக் கூடாது. அவசரம் காரணமாக முன்கூட்டித் தெரிவிக்க முடியாமல் போனால், நடவடிக்கை எடுத்த இரண்டு நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி இது: “என் மகன் மீதான தண்டனை செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனைக்குப் போனதா? போனால் எந்தத் தேதியில்?” போகவில்லை என்றால், போன் யாருடையது என்ற வாதத்துக்குள் நுழையாமலே அந்தத் தண்டனையைக் கேள்வி கேட்கலாம். உறவினர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். “என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை” என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனாலும், அது சிறை விசாரணையின் சாட்சியத்தை மறுபடி எடை போட்டுக்கொண்டிருக்காது. முறை தவறியதா என்றுதான் பார்க்கும்.

பரிசீலனை என்பது பல இடங்களில் தபாலாகவே போய்த் தபாலாகவே திரும்புகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீதிபதியின் மேசைக்குச் சிறையின் தாள் மட்டும்தான் போகிறது. கைதியின் வாய் போவதில்லை. உங்கள் மனுவுக்கு மதிப்பு வருவது அங்கேதான். அவர் முன்னால் இன்னொரு தாளையும் வைக்கிறது அது.

விசாரணையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். என்ன குற்றச்சாட்டு என்று கைதிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும் என்பது இயற்கை நீதி. வரிசையாக நிறுத்தி “உனதா, உனதா” என்று கேட்டுக்கொண்டே போவதை விசாரணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதிலும் புகார் சொன்ன வார்டர் பக்கத்தில் நிற்கும்போது எந்தக் கைதி வாய் திறப்பான்? அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலக் கைதிகளின் வழக்கில் 1974-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதற்கு வரம்பு வகுத்தது. தண்டனைக் குறைப்பு நாட்களை வெட்டுவதானால், விசாரணைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு எழுத்தில் குற்றச்சாட்டைக் கொடுக்க வேண்டும், எந்த ஆதாரத்தின் மேல் முடிவெடுத்தோம் என்று எழுதித் தர வேண்டும் என்றது. இங்கிலாந்தில் சிறைவாச நாட்களைக் கூட்டும் அதிகாரம் சிறை நிர்வாகத் தலைவர்களிடமிருந்து 2002-ல் எடுக்கப்பட்டு, வெளியிலிருந்து வரும் நீதிபதிகளிடம் போனது. உங்கள் மகனுக்கு வெட்டிய முப்பது நாளும் அதே வகைதான். குறித்த காலத் தண்டனையானால் ரெமிஷனில் ஒரு நாள் போனால் உள்ளே ஒரு நாள் கூடும்; ஆயுள் தண்டனையில் அப்படி நேர்க் கணக்கு இல்லை என்றாலும் அது இழப்புதான். அதை ஒரு காலை நேரத்து வரிசையில் முடிவு செய்வது எந்தக் கணக்கிலும் சரியல்ல.

தனி செல் விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். சட்டத்தில் இரண்டு வகை அடைப்பு இருக்கிறது. மற்றக் கைதிகளோடு பேச்சைத் தடுத்து, தினம் ஒரு மணி நேரமாவது உடற்பயிற்சிக்கு விட்டு, சாப்பாட்டை மட்டும் மற்றவரோடு சேர்ந்து சாப்பிட வைப்பது ஒன்று. அது ஒரு மாதத்தைத் தாண்டினால் சிறைத்துறைத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும். முழுக்க ஒதுக்கி வைப்பது இன்னொன்று. அது 14 நாளுக்கு மேல் கூடாது. எந்த வகையானாலும், ஒருவரை 24 மணி நேரத்துக்கு மேல் தனியே அடைத்தால் மருத்துவ அலுவலரோ அவருடைய உதவியாளரோ தினமும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்று 29-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் மகன் எத்தனை நாளாக அங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அதையும் மனுவில் கேட்க வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம்தானே என்று தோன்றினால், உங்கள் பக்கத்து ஊரான வேலூரில் நடந்ததைப் பாருங்கள். வேலூர் மத்தியச் சிறையில் இருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆயுள் கைதி ஒருவரை, சிறைத்துறை டி.ஐ.ஜி. வீட்டில் வேலைக்கு வைத்திருந்ததாகவும், அங்கே பணம் திருடியதாகச் சொல்லித் தாக்கித் தனி செல்லில் ஏறத்தாழ மூன்று மாதம் அடைத்ததாகவும் புகார் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் அவருடைய தாயார். உயர் நீதிமன்றம் வேலூர் தலைமைக் குற்றவியல் நடுவரை விசாரிக்கச் சொன்னது. அவருடைய அறிக்கை வந்த பிறகு சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் டி.ஐ.ஜி. உட்பட 14 பேர் மீது வழக்குப் பதிவானது. குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் வேலை. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு தாய் போட்ட மனு சிறை மதிலுக்குள் ஒரு நடுவரை அனுப்பியது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மூன்று மாதம் மனு கட் என்பது தன்னளவிலேயே கூடுதலான தண்டனை என்பது என் கருத்து. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2015 டிசம்பரில் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளின் 43-ஆவது விதி, ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் குடும்பத்தோடு உள்ள தொடர்பைத் தடை செய்யக் கூடாது என்கிறது. பாதுகாப்புக்குக் கட்டாயம் தேவையானால், குறைந்த காலத்துக்குக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். அந்த விதிகளை மட்டும் வைத்து இங்கே உத்தரவு வாங்க முடியாது. சுனில் பத்ரா தீர்ப்போடு சேர்த்து மனுவில் எழுதினால் வலுச் சேரும். வழக்கறிஞர் கைதியைப் பார்ப்பது குடும்பத்தார் பார்ப்பதோடு சேர்ந்ததல்ல. ‘கட்’ என்று சொல்லி வழக்கறிஞரைத் திருப்பி அனுப்பினால் அதைத் தனிப் புகாராகவே எழுதலாம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதுங்கள். மகனின் பெயர், கைதி எண், எந்தத் தேதியில் கேட்டில் உங்களைத் திருப்பி அனுப்பினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நடந்த வரிசையில் எழுதுங்கள். பிறகு, மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டு, மூன்று கோரிக்கைகள் வையுங்கள்: தண்டனை உத்தரவின் நகலை மகனிடம் கொடுக்க வேண்டும், நீதிபதியோ அவர் அனுப்பும் நடுவரோ மகனைத் தனியாகச் சந்தித்துக் கேட்க வேண்டும், அந்த நாளின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும். மூன்றாவதற்காகவே அவசரப்படுத்துகிறேன், பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிட்டால் கேட்டும் பயனில்லை. இந்த மனுவைச் செஷன்ஸ் நீதிபதிக்கும், நகல்களைச் சிறைத்துறை டி.ஐ.ஜி.க்கும் அந்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். காவலில் இருப்பவர் என்ற முறையில் உங்கள் மகனுக்கும், பெண் என்ற முறையில் உங்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்பதானால் மகன் கையெழுத்தில் போவது நல்லது. நீங்கள் கேட்டால் ‘மூன்றாம் நபர் விவரம்’ என்று தட்டிவிடக்கூடும்.

கீழே எதுவும் அசையாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம்.

கல்யாணத்துக்கு வரலாம். 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, உடன்பிறந்த சகோதரியின் திருமணம் அவசர விடுப்புக்கான காரணங்களில் ஒன்று. இந்தச் சிறை ஒழுங்குத் தண்டனை இருப்பதைக் காரணம் காட்டி விடுப்பு மனுவை வாங்கவே மாட்டோம் என்று சொல்ல முடியாது. ஆனால் நடத்தை என்ற இடத்தில் அந்தப் பதிவு எதிராக நிற்கும். நாளைக்கு முன்விடுதலைக்குப் பெயர் எடுக்கும்போதும் நிற்கும். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கும் 2021-ல் அண்ணா பிறந்தநாளுக்கும் வந்த அரசாணைகள் இரண்டிலும் திருப்தியான நடத்தை ஒரு நிபந்தனை. மூன்று மாதம் எப்படியும் ஓடிவிடும் என்று விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மனு கட் முடிந்துபோகும். புத்தகத்தில் ஏறிய வரி முடியாது.

மனு போட்டால் உள்ளே அவனை வதைப்பார்களோ என்று கடித ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதையும் மனுவில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். நீதிபதியின் கோப்பில் ஏறிய பயத்துக்குச் சிறை நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று மட்டும், வழக்கறிஞர் மூலமாவது, மகனிடம் சொல்லுங்கள்: போன் அவனுடையதாக இருந்தால் இல்லை என்று நீதிபதியிடம் பொய் சொல்ல வேண்டாம். முறை தவறியது என்ற வாதம் உண்மையைச் சொன்னாலும் நிற்கும்.

உங்கள் மலையிலிருந்து செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளுக்குப் போனவர்களின் குடும்பங்களும் இதைப் படிக்கக்கூடும். சுனில் பத்ரா தீர்ப்பு எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும். அங்கே கூடுதல் சிக்கல் மொழி. தெலுங்கில் எழுதிய தாளில் புரியாமல் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையே முதல் காரணமாக எழுதலாம். கடப்பை சிறையானால் கடப்பை மாவட்ட நீதிபதிக்கு எழுத வேண்டும்.

ஸ்பீடு போஸ்ட் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால், ரசீதுகளோடு சிறை இருக்கும் மாவட்டத்தின் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். அது பெரும்பாலும் அந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். கட்டணம் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் கொடுக்காதீர்கள்.