கவிழ்ந்தா யார் நிமிர்த்துவா?

"மலையடிவாரத்துல உட்கார்ந்துகிட்டு படகா?" ஃபர்ஸ்ட் ரிவ்யூவில் எங்களைக் கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. வேங்கிக்கால்ல எங்க வீட்டு மொட்டை மாடியில் நின்னா மலை தெரியும். கடலைப் பார்க்கணும்னா பாண்டிச்சேரி வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும். ஆனா நம்மை மாதிரியே கடல் இல்லாத வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியிருக்கார். அவரோடது ஒற்றை ஹல் படகு. எங்க ப்ராஜெக்ட், 13, 14 வயசுப் பிள்ளைங்க ரெண்டு பேர் ரேஸ் பழகுற மாதிரி, ரெண்டு ஹல் உள்ள கேட்டமரன். விலை குறைவா இருக்கணும்.

(கேட்டமரன்ங்கிற பேரு நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுதான். ஆனா கட்டுமரத்துக்கு ரெண்டு ஹல் கிடையாது. அது சேர்த்துக் கட்டின மரங்கள்.)

நீளத்தை ப்ளைவுட் கடையே முடிவு பண்ணிடுச்சு. 1947-ல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் சின்னப் பசங்களுக்காக ஆப்டிமிஸ்ட் படகை டிசைன் பண்ணப்போ, ரெண்டு 8-க்கு 4 ஷீட்டுக்குள் முடிக்கணும்னு கணக்கு வச்சார். நாங்க ரெண்டு ஷீட்டை நீளவாக்கில் ஒட்டி 4.6 மீட்டர் எடுத்தோம். 2018 யூத் ஒலிம்பிக்கில் ஓடின நாக்ரா 15 படகு 4.7 மீட்டர்தான், அதனால மோசமில்லை. அகலம் 2.1 மீட்டர். அகலம் கூடினா காத்துல சாயாம நிக்கும், ஆனா மினி லாரியில் ஏத்தணுமே! அதனால ஹல்களைத் தனித்தனியா கழட்டலாம், மீனவர்கள் கட்டுமரத்தைக் கரையில் அவிழ்த்துக் காயப்போட்ட மாதிரி.

பாய்மரத்துலதான் மாட்டினோம். செலவைக் குறைக்க 2 இஞ்ச் ஜிஐ பைப் போட்டிருந்தோம். கைடு மேடம் டிராயிங்கைப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "கவிழ்ந்தா யார் நிமிர்த்துவா?"

கேட்டமரன் கவிழ்ந்தா பக்கவாட்டில் படுத்துக்கும். ஒரு ஹல் தண்ணியில், இன்னொண்ணு அதுக்கு நேர் மேலே, பாய்மரம் தண்ணி மேல நீட்டிப் படுத்திருக்கும். பிள்ளைங்க கீழ் ஹல் மேல ஏறி, கயிறைப் பிடிச்சு பின்பக்கமா சாயணும். சுழலும் புள்ளி கீழ் ஹல். ரெண்டு ஹல்லோட எடையும் கிட்டத்தட்ட அந்தப் புள்ளிக்கு நேர் மேலதான் இருக்கு, அதனால அதோட மொமென்ட் ரொம்பக் கம்மி. நாங்க மூணு வாரம் ஹல் எடையைக் குறைக்க மண்டையை உடைச்சுக்கிட்டது இந்த விஷயத்தில் வீண். பாய்மரமும் பாயும் ஒரு பக்கம், பிள்ளைங்க மறுபக்கம். தராசு மாதிரி.

தலா 40 கிலோ, ரெண்டு பேர் 80 கிலோ. சாய்ஞ்சா அவங்க எடை மையம் 0.6 மீட்டர் வெளியே வரும்னு வச்சுக்குவோம். 80 × 0.6 = 48 கிலோ-மீட்டர். எங்ககிட்ட இருக்கிறது இவ்வளவுதான்.

ஜிஐ பைப் மீட்டருக்கு சுமார் 5 கிலோ, 6.5 மீட்டருக்கு 33 கிலோ. மையம் 3.2 மீட்டரில். பைப் மட்டுமே 105 வருது! அலுமினியம் பைப்னா சுமார் 10 கிலோ: 32. பாய் 5 கிலோ, மையம் 2.8 மீட்டர்: 14. மொத்தம் 46. தப்பிச்சோம்னு நினைச்சப்பதான் அடுத்த பிரச்சினை. படகு முழுசா தலைகீழா போகாம இருக்க, உச்சியில் காத்தடைச்ச சின்ன மிதவை வேணும். அரை கிலோதான், ஆனா 6.5 மீட்டர் தூரத்தில் 3-க்கு மேல சேர்க்குது. 49 தாண்டிடுச்சு.

அதனால பாய்மரத்தை 6 மீட்டரா வெட்டினோம். பைப் 28, பாய் 13, மிதவை 3, ஆக 44. பாயோட பரப்பு குறையும், வேகமும் குறையும். டீம்ல ஒருத்தன் இன்னும் கோபமா இருக்கான், "ரேஸ் படகுன்னு சொல்லிட்டு வேகத்தை வெட்டுறீங்களே"ன்னு. பாய் கொஞ்சம் மேலே வந்துட்டா காத்து அடியில் புகுந்து தூக்கும், மேல் ஹல்லும் நம்ம பக்கம் சாய்ஞ்சு உதவும். முதல் அசைவுதான் கஷ்டம்னு அவனுக்கும் தெரியும். நனைஞ்ச பாய் மேல நிக்கிற தண்ணி இந்தக் கணக்கிலேயே வரலை.

இன்னொண்ணு பாக்கி. 35 கிலோ பிள்ளைங்க ரெண்டு பேர் ஏறினா 42 தான் வருது, பத்தாது. 10 லிட்டர் தண்ணி பிடிக்கிற பையைக் கயிறோட தோளில் மாட்டிச் சாய்ஞ்சா இன்னும் 6 கிடைக்கும். பை தண்ணிக்கு மேலே தொங்கணும், மூழ்கினா பிரயோஜனமில்லை. செகண்ட் ரிவ்யூ டிராயிங்கில் அந்தப் பையையும் சேர்த்திருக்கோம்.