எண்ணெய் கடைசியில்தான்

பழைய வால்வு ரேடியோவில் டியூனிங் குமிழ் திரும்ப மறுத்தால், கை தானாகவே எண்ணெய்க் குப்பியைத் தேடும். கேடு அங்கேதான் தொடங்குகிறது. 1950களின் செட்டுகள் பலவற்றில் ஸ்டேஷன் மாற்றும் தகடுகளைக் கொண்ட கேங் கண்டன்சரின் அச்சு சின்னஞ்சிறு பேரிங் குண்டுகளின் மேல் சுழல்கிறது. அன்று வைத்த கிரீஸின் ஈரம் எப்போதோ போய்விட்டது. மிச்சம் பழுப்பு மெழுகாய் இறுகிக் கிடக்கும், பல்குச்சியால் நெம்பினால் செதிலாக உதிரும். அச்சைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பழைய பசைதான். அதை வெளியே எடுக்காமல் புதிதாக எதை ஊற்றியும் பயனில்லை.

"டபிள்யூ.டி.40 அடித்தேன், உடனே சுழன்றதே" என்பார்கள். சுழலும், மறுக்கவில்லை. 1953இல் ஈரத்தை விலக்குவதற்கென்று உருவான அந்தத் திரவம் பழைய கிரீஸை இளக்கத்தான் செய்யும். ஆனால் இளகியது எங்கே போகும்? கரைப்பான் ஆவியானதும் பழையபடி பேரிங்கிலேயே இறுகும். ஸ்பிரேயின் சாரலோ தகடுகளின் மேல் படியும். தகடுகளுக்கு நடுவே இருக்க வேண்டியது காற்று மட்டுமே. எண்ணெய்ப் படலம் புகுந்தால் கண்டன்சரின் மதிப்பு மாறி ஸ்டேஷன் டயலில் இடம் தள்ளும், தூசியும் ஒட்டும். குமிழையும் முள்ளையும் இணைக்கும் டயல் கயிற்றில் பட்டால் அது வழுக்கும்; குமிழ் சுற்றும், முள் நகராது.

அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறுக்கம் எங்கே என்று முதலில் பாருங்கள். கயிறு போகும் வழியைப் படம் எடுத்துக்கொண்டு, அதன் ஸ்பிரிங்கைக் கழற்றி, கேங்கைத் தனியாகக் கையால் திருப்புங்கள். அது லேசாகச் சுழன்றால் குற்றம் குமிழின் தண்டிலோ பூலியிலோ இருக்கிறது. கேங்கைத் தொடவே வேண்டாம். அதுவே இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள், தகடு வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சின்னத் தூரிகையால் பேரிங்கை மட்டும் கழுவி, அழுக்கைத் துணியில் ஒற்றி எடுங்கள். துணியில் பழுப்பு ஏறுவது நிற்கும்வரை விடக்கூடாது. தகடுகள் முழுக்க உள்ளே போகும் அளவுக்கு அச்சு இளகியதும், அந்த நிலையிலேயே வைத்து மிச்ச வேலையைச் செய்தால் அவற்றுக்கு அடிபடாது.

இப்படிக் கழுவினால் உலோகம் வறண்டு தேயாதா என்ற கேள்வி நியாயமானது. தேயும். அதனால்தான் கடைசியில், ஊசி முனை அளவு, மெல்லிய கிரீஸ். கையால் நிதானமாகத் திருப்பும் அச்சுக்கு அதற்கு மேல் தேவையில்லை. சுழலும் தகடுகளைச் சேஸிஸோடு இணைக்கும் பித்தளை நாக்கையும் மறக்காதீர்கள். அங்கே பழைய கிரீஸ் இறுகினால் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும். டியூன் செய்யும்போது எழும் கரகரப்புக்குப் பல செட்டுகளில் காரணம் அதுதான். அங்கே ஆல்கஹால் மட்டும் போதும்.