ஆகாதவற்றின் பட்டியல் குட்டையாக இருக்கட்டும்

சேலம்

அன்புள்ள கண்ணு,

நீ எழுதியதைப் படித்தேன். படங்களையும் பார்த்தேன். ஏழு மாதப் பாப்பா சத்துமாவுக் கஞ்சி குடித்த அரை மணி நேரத்தில் வாயோரமும் வயிறும் தடித்துப் போயின, இரண்டு மணி நேரத்தில் தானாக அடங்கின. உன் மாமியார் காணாக்கடி என்றாராம். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போன இடத்தில் தாய்மார்களில் ஒருத்தி பாலை நிறுத்தச் சொன்னாள். இன்னொருத்தி ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னாள். மற்றொருத்தி முட்டையும் வேர்க்கடலையும் மூன்று வயதுவரை கூடாது என்றாள். ஒருத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். கடைசியில் உன்னையே கத்தரிக்காய், கருவாடு இல்லாமல் பத்தியம் இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அத்தனையையும் கேட்டு நடந்தால் பாப்பாவுக்கு மிஞ்சுவது அரிசிக் கஞ்சித் தண்ணீர்தான்.

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த காலத்தில் ஒவ்வாமையால் துன்பப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வாமைக்குப் பயந்து எல்லாவற்றையும் நிறுத்தியதால் இளைத்துப்போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட ஊரில் பருப்பையும் முட்டையையும் சந்தேகத்தின் பேரில் தட்டிலிருந்து எடுப்பது சின்ன விஷயமில்லை. அதனால் இந்தக் கடிதம் முழுக்க ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். ஆகாதவற்றின் பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அந்தப் பட்டியலில் எது ஏற வேண்டும் என்பதை உன் பிள்ளையின் உடம்பு காட்ட வேண்டும், மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அதில் வேலையில்லை.

இப்போதைக்குச் சத்துமாவை மட்டும் நிறுத்து. தாய்ப்பாலை நிறுத்தாதே. இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டு. போகும்போது மாவு அரைத்த பொருள்களின் பட்டியலை எழுதி எடுத்துப் போ. உன் அம்மா வீட்டு மாவில் கோதுமை, சோளம், கம்பு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, சோயா, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் இருக்கும். வளர்ந்த பிள்ளைக்கு அது நல்ல உணவுதான். முதல்முறை சாப்பிடும் குழந்தைக்கு அத்தனையும் ஒரே கரண்டியில் போனால் தடிப்பைக் கிளப்பியது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவிலும் கோதுமையும் கடலைப்பருப்பும் உண்டு. மருத்துவர் சொல்லும்வரை அதையும் எடுத்து வை.

பாப்பாவுக்கு இதற்கு முன்னாலேயே ராகிக்கூழும் இட்லியும் வாழைப்பழமும் ஒத்துக்கொண்டன என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் ராகி, அரிசி, உளுந்து, வாழைப்பழம் நான்கும் ஆகிற பட்டியலில் சேர்ந்தாயிற்று. அவற்றைத் தொடர்ந்து கொடு. அதன்மேல் பூசணி, கேரட், துவரம்பருப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர். ஒரு புது உணவைத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போ. முதல் நாள் ஒரு சின்னக் கரண்டி போதும். உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை நாக்கில்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

புது உணவைக் காலையில் கொடு. அரூரில் இருக்கும் உனக்கே சேலத்திலோ தருமபுரியிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சித்தேரி மலைமேல் இருக்கும் தாயை நினைத்துப் பார். ராத்திரி ஏழு மணிக்குப் புதிதாக ஒன்றை ஊட்டிவிட்டு, எட்டு மணிக்குத் தடிப்பு கண்டால் அவள் எங்கே போவாள்? பகலில், வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும்போது, பாப்பாவுக்குச் சளி காய்ச்சல் இல்லாத நாளில் கொடுப்பதுதான் சரி.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஒவ்வாமை இரண்டு விதமான நேரத்தில் வரும். ஒன்று உடனே வருவது. சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடோ கண்ணிமையோ வீங்குவது, வாந்தி, இருமல் என்று தெரியும். மற்றது மெதுவாக வருவது. பல மணி நேரமோ சில நாளோ கழித்து மலத்தில் சளியும் ரத்தக் கோடும் தெரியும், அல்லது கரப்பான் கூடும். இந்த இரண்டிலும் அடங்காத ஒன்றும் உண்டு. சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தை திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, வெளுத்து, துவண்டு போகும். தடிப்பு இருக்காது. அரிசியால்கூட இது வரலாம். நாம் சந்தேகப்படவே மாட்டோம், மாந்தம் என்று சொல்லி உரைமருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். அப்படித் துவண்டால் மருந்து உரைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

சிவந்ததெல்லாம் ஒவ்வாமையும் இல்லை. தக்காளிச் சாறு பட்டு வாயைச் சுற்றிச் சிவப்பதும், எச்சில் ஊறிப் புண்ணாவதும், சித்திரை வெயிலில் கழுத்தில் வேர்க்குரு வருவதும் தனி. அதற்காகத் தக்காளியைத் தள்ளிவைக்காதே.

இந்த ஒன்றை மட்டும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டு. மூச்சு இரைத்தாலோ, குரல் கரகரத்தாலோ, நாக்கு வீங்கினாலோ, தடிப்போடு வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, குழந்தை மயங்கினாலோ உடனே 108. ஆஸ்பத்திரியில் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும் மருந்து. அரிப்புக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து அதற்கு ஈடாகாது. அதைக் கொடுத்துவிட்டு அடங்குகிறதா என்று வீட்டில் காத்திருக்காதே.

இனி பால். பசும்பால் ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்பது நம் பக்கத்தில் எல்லாரும் நம்பும் பேச்சு. இரண்டிலும் உள்ள புரதங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், பசும்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. எருமைப்பாலும் அப்படித்தான். ஒவ்வாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வயதுக்குமுன் எந்த விலங்கின் பாலையும் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் புகட்டக் கூடாது. இன்னொரு குழப்பமும் உண்டு. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்பிப் பேதியாவது வேறு, பாலின் புரதத்தை உடம்பு எதிரி என்று எண்ணிச் சண்டை போடுவது வேறு. ஒவ்வாமை என்பது இரண்டாவதுதான்.

நீ பத்தியம் இருக்க வேண்டுமா? உன் பால் மட்டும் குடித்த ஆறு மாதமும் பாப்பா நன்றாகத்தான் இருந்தாள். அதனால் வேண்டாம். நீ சாப்பிடும் உணவால்தான் வருகிறது என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் இரண்டு முதல் நான்கு வாரம் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்வார். பிறகு மறுபடி சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். மறுபடி சாப்பிட்டுப் பார்க்கும் அந்தப் பாதியைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள், நிறுத்தியது நிறுத்தியபடியே கிடக்கும். பாலை விட்ட தாய்க்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். நல்லவேளை, நம் தருமபுரிச் சீமையில் அதற்குப் பஞ்சமில்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. களியும் முருங்கைக்கீரையும் சாப்பிடு.

முட்டையும் கடலையும் மூன்று வயதுவரை கூடாது என்று சொன்னவள் பொய் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு முட்டையை இரண்டு வயதுவரையும் வேர்க்கடலையை மூன்று வயதுவரையும் கொடுக்காதீர்கள் என்றது. அதனால் பலன் இல்லை என்று கண்டு 2008இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. அதே ஆண்டு கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழு ஒன்றைக் கவனித்தது. பிரிட்டனில் வாழும் யூதப் பிள்ளைகளுக்கு, இஸ்ரேலில் வாழும் யூதப் பிள்ளைகளைவிடக் கடலை ஒவ்வாமை பத்து மடங்கு. இஸ்ரேலில் குழந்தைகள் பல் முளைக்கும் வயதிலேயே கடலையில் செய்த தின்பண்டத்தைத் தின்கிறார்கள். பிறகு லண்டனில் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐந்து வயதுவரை கடலை கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. 2015இல் முடிவு வந்தது. கடலையை ஒதுக்கியவர்களில் 100க்கு 17 பேருக்குக் கடலை ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 3 பேருக்குத்தான்.

ஆகவே அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் கரப்பானும் தடிப்பும் இல்லாத பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களிடம் நீயே சொல். ஆறு மாதம் ஆனபின் நன்றாக வெந்த முட்டையையும், வறுத்து மையாக அரைத்துக் கஞ்சியில் கரைத்த வேர்க்கடலையையும் தள்ளிப்போடாமல் பழக்கலாம். முழுக் கடலை கூடவே கூடாது, தொண்டையில் அடைக்கும். பூஞ்சை பிடித்த கடலையும் ஆகாது. உன் பாப்பா விஷயம் வேறு. அவளுக்குத் தடிப்பு வந்த மாவிலேயே கடலை, முந்திரி, கோதுமை, சோயா இருந்திருக்கும். அவற்றை வீட்டில் சோதித்துப் பார்க்காதே. மருத்துவர் முன்னால், அவர் சொல்லும் அளவில்தான் பார்க்க வேண்டும்.

பாப்பாவின் முழங்கை மடிப்பில் சொரசொரப்பாகக் கரப்பான் இருப்பதைப் படத்தில் கவனித்தேன். அந்தத் தோலில் கடலை மாவும் பயத்தம் மாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நிறுத்து. வயிற்று வழியாகப் போகும் உணவை உடம்பு பழகிக்கொள்கிறது. வெடித்த தோல் வழியாக அதே உணவு புகுந்தால் எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு, அதுவரை ரொட்டி தின்று வந்தவர்களுக்கு, கோதுமை ஒவ்வாமை வந்தது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் கடலையின் புரதம் கொஞ்சம் தங்கும். அதைத் தோலில் தடவாதே, தேங்காயெண்ணெய் போதும். குளித்த ஈரம் காய்வதற்குள் தடவு.

ரத்தப் பரிசோதனை விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரிலும் மைசூரிலும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், 100க்கு 26 பேருக்கு ஏதோ ஓர் உணவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தது. அந்த உணவால் உண்மையில் தொல்லைப்படக்கூடியவர்கள் 100க்கு ஒருவரைக் கொஞ்சம் தாண்டினார்கள். ஆக, காகிதத்தில் ஒன்று இருக்கிறது என்பதற்காக நன்றாகச் சாப்பிட்டுவரும் உணவை நிறுத்தக் கூடாது. எந்த உணவு என்ற சந்தேகம் முதலில், அதற்கு மட்டும் பரிசோதனை பிறகு. ஒரே ரத்தத்தில் நூறு உணவைப் பார்த்துத் தருகிறோம் என்பவர்களிடம் காசைக் கொடுக்காதே.

அப்படியானால் அந்தத் தாய்மார்களிடம் பேசவே வேண்டாமா? கட்டாயம் பேசு. எந்த உணவு ஆகாது என்பதைத்தான் அவர்களிடம் கேட்காதே. ராகியை ஊறவைத்து அரைத்துத் துணியில் எப்படிப் பிழிவது, கரண்டியைக் கண்டாலே தலையைத் திருப்பும் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது, உறவுக்காரர் பாசத்தோடு பிஸ்கட் நீட்டும்போது முகம் கோணாமல் எப்படி மறுப்பது என்பதையெல்லாம் கேள். இவற்றை எந்த மருத்துவரும் சொல்லித்தர மாட்டார். "உன் பாலே சரியில்ல" என்ற பேச்சைக் கேட்டுக் குளியலறையில் அழுதவள் நீ மட்டும்தானா என்றும் கேட்டுப் பார். நாலு பேராவது தலையாட்டுவார்கள். அந்தப் பேச்சு உண்மையில்லை. உன் பாலால் இது வரவில்லை. கர்ப்பத்தில் நீ தின்ற கருவாட்டாலும் வரவில்லை.

மாமியாரை எதிரியாக்கிக்கொள்ளாதே. புது உணவு, தேதி, நேரம், என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுது, அதை அவரிடமும் படித்துக் காட்டு. பாப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்பவர் அவர்தானே. அங்கன்வாடி ஊழியரிடமும் சொல்லி வை. கடையில் வாங்கும் பொருளின் உறையைத் திருப்பிப் படி. பால், முட்டை, கடலை, கொட்டைகள், சோயா, மீன், கோதுமை போன்ற தானியங்கள் இருந்தால் அதை உறையில் சொல்ல வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன.

பால், முட்டை, கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது தானாகப் போய்விடுகிறது. கடலை அவ்வளவு எளிதில் விடாது, ஐந்தில் ஒருவருக்குத்தான் விடுகிறது. அதனால் இன்று எழுதும் பட்டியலை என்றைக்கும் உரியது என்று எண்ணாதே. மருத்துவரிடம் வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்டு, அடிக்க முடிந்ததை அடித்துவிடு.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடாதே, முட்டை ஒவ்வாமை இருந்தாலும் அதைப் போடலாம். மாதாமாதம் எடை பார். மருத்துவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுது. மாவுப் பட்டியலில் எதையும் விட்டுவிடாதே, உன் அம்மா வாசனைக்குப் போட்ட ஏலக்காய் உட்பட.

அன்புடன்,
உன் அத்தை